ஆணையிடுவோரே மெய்ப்பிக்கட்டும்

இரவு ஒன்பதரை மணி. சிட்லப்பாக்கத்தில் ஒரு சிறு கிளினிக்கை எண்ணிப் பாருங்கள். கடைசி நோயாளியும் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உதவியாளர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாவியோடு நிற்கிறார். மருத்துவர் கைப்பேசியைத் திறக்கிறார். புதிதாக வந்த மின்னஞ்சலின் உச்சியில் சிங்க முத்திரை. அடியில் நீல மையில் கையொப்பமும் வட்ட முத்திரையும். நடுவே அவருடைய பதிவு எண், ஓர் இலக்கமும் பிசகாமல். ‘தங்கள் மீது வந்த புகாரின் பேரில் விசாரணை தொடங்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் கீழ்க்காணும் லிங்க்கில் விவரங்களைப் பதிந்து உரிய கட்டணத்தைச் செலுத்தாவிடில் தங்கள் பதிவு இடைநிறுத்தம் செய்யப்படும்.’

அந்த நொடியில் அவர் மனத்தில் ஓடுபவை இருபது ஆண்டு உழைப்பு, மருத்துவக் கருவிகளுக்கு வாங்கிய வங்கிக் கடன், நாளைக் காலை வாசலில் காத்திருக்கப் போகும் முகங்கள். லாட்டரியில் கோடி விழுந்தது என்று வரும் மடலை ஒரு விரலால் அழித்துவிடும் அதே மனிதர் இம்மடலின் முன் வியர்த்துப் போகிறார். இது தீண்டுவது அவருடைய கடமையுணர்ச்சியை. சட்டத்தை மதியாதவன் இத்தகைய மடலைப் பொருட்படுத்தவே மாட்டான். மதித்து நடப்பவரே அகப்படுகிறார். அரசின் பெயரால் வரும் போலி மின்னஞ்சல் மற்ற மோசடிகளினும் கொடியது என்று நாம் கருதுவது இதனால்தான். நல்ல குடிமகனின் நற்குணத்தையே அது கண்ணியாக்குகிறது.

இந்த அச்சம் சென்னையின் நம் தென்புறநகர்களில் ஆழமாக வேரூன்ற ஏற்ற நிலம் இருக்கிறது. பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ஜிஎஸ்டி சாலையின் இருமருங்கிலும், கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் வரையிலும் நடந்து பாருங்கள். மாடிப்படியோரம் ஆடிட்டர் அலுவலகம், கீழே மருந்தகம், எதிரே ஸ்கேன் சென்டர், பக்கத்தில் பல் மருத்துவர், அடுத்த தெருவில் சித்த மருத்துவர். 1928-இல் மருத்துவர் சவரிமுத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய சானடோரியத்தின் பெயரை இன்றும் ஒரு ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. அதனருகே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். மருத்துவம் தாம்பரத்தின் பழைய தொழில். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது, இத்தகைய சிறுதொழில்முறையாளர் பல்லாயிரவர் ஒரே நகரத்தாராயினர். பெருமருத்துவமனைக்குச் சட்டப் பிரிவு உண்டு. கணினிப் பாதுகாப்புக்குத் தனி ஆள் உண்டு. இவர்களுக்கு உள்ளவை ஒரு கைப்பேசியும், மாலை நேரத்தில் அதைப் பார்க்கக் கிடைக்கும் பத்து நிமிடமும் மட்டுமே.

ஒரு சிறிய ஸ்கேன் சென்டர் எத்தனை அலுவலகங்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது என்பதைப் பலர் அறியார். மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் ஒரு பதிவு. கருவிலுள்ள குழவியின் பாலினம் காண்பதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் ஒரு பதிவு. எக்ஸ்ரே கருவி இருப்பின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவு. மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. அங்கே அமரும் மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சிலின் பதிவு. வருமான வரியும் மாநகராட்சித் தொழில்வரியும் தனி. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு கடிதத்தலைப்பு, ஒரு முத்திரை, ஒரு நடை. சில கடிதங்கள் தமிழில், சில ஆங்கிலத்தில். சில அஞ்சலில், சில மின்னஞ்சலில். இவற்றுள் மெய்யானது எத்தகையது என்று ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியுமா? மெய்யை அறியாதவர் பொய்யை எப்படி இனங்காண்பார்?

‘ஆனால் என் பதிவு எண் சரியாக இருந்ததே!’ இதுதான் ஏமாந்தவர் முதலில் சொல்லும் சொல். அந்த எண் எவருக்கும் தெரியும். மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. மருந்தகத்தின் உரிமம் கடைச் சுவரில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். உணவகத்தின் பதினான்கு இலக்க உரிம எண் பில்லிலேயே அச்சாகிறது. வணிகரின் ஜிஎஸ்டி எண் பெயர்ப்பலகையில் இருக்கிறது. மக்கள் ஏமாறக்கூடாது என்பதற்காகச் சட்டம் வெளிப்படையாக வைக்கச் சொன்ன எண்களை, உரிமம் பெற்றவரை ஏமாற்ற மோசக்காரன் எடுத்துக்கொள்கிறான். ஒரு மருந்துச் சீட்டைப் புகைப்படம் எடுத்தவனுக்கு மருத்துவரின் பெயரும் எண்ணும் முகவரியும் கைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே கடிதத்தில் எண் சரியாக இருப்பது எதையும் மெய்ப்பிக்காது. தொழில்முறையாளர் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய முதற்செய்தி இது.

சூழ்ச்சி புதிதன்று. 1987 மார்ச் 19 அன்று மும்பை ஓபரா ஹவுஸ் பகுதியில் புகழ்பெற்ற நகைக்கடை ஒன்றில், நாளிதழ் விளம்பரம் கொடுத்துத் திரட்டிய இளைஞர்களைச் சிபிஐ அதிகாரிகள் என்று உட்புகுத்தி, ‘சோதனை’ நடத்தி, நகைகளை அள்ளிச் சென்றான் ஒருவன். வந்த இளைஞர்களே தாங்கள் உண்மையான அரசுப் பணியில் சேர்ந்துவிட்டதாக நம்பினர். அன்று அதற்கு ஆட்கள் வேண்டியிருந்தனர், பேருந்து வேண்டியிருந்தது, நேரில் முகத்தைக் காட்டும் துணிவு வேண்டியிருந்தது. இன்று அத்தனையும் ஒரு மின்னஞ்சலுக்குள் அடங்கிவிட்டன. 2021-இல் வருமான வரித் துறையின் பெயரில், பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஆசைகாட்டி, ‘டிரினிக்’ என்னும் தீநிரலைக் கைப்பேசிகளில் ஏற்றியவர்களைப் பற்றி நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவே எச்சரிக்க நேர்ந்தது. 2024-இல் நிலைமை உச்சத்தைத் தொட்டது. சைபர் குற்றங்களைத் தடுக்கவென்றே உள்துறை அமைச்சகம் அமைத்த ஒருங்கிணைப்பு மையத் தலைவரின் பெயரையும் கையொப்பத்தையும் இட்டுப் போலி மின்னஞ்சல்கள் பரவின. அவற்றை நம்பாதீர் என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. காவலனின் முகமூடியையே கள்வன் அணிந்த காலம் இது.

அவ்வாண்டு ஆகஸ்டில் லக்னோவில், அரசு உயர்மருத்துவ நிறுவனமொன்றின் பேராசிரியை ஒருவர் 2 கோடியே 81 லட்சம் ரூபாயை இழந்தார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறோம் என்ற ஒரு தொலைபேசி அழைப்பில் அது தொடங்கியது. வர்த்தமான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு உச்ச நீதிமன்ற விசாரணையே நடப்பதாகக் காணொலியில் ஒரு நாடகம் காட்டி 7 கோடி ரூபாயைப் பறித்தனர். கல்வியோ செல்வமோ பட்டறிவோ இங்கே காவலாகவில்லை. நாடு முழுவதும் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023-இல் 7,465 கோடி ரூபாய். 2024-இல் 22,845 கோடி என்று மக்களவையில் அரசே தெரிவித்தது.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே மருத்துவர்களையும் மருந்தாளுநர்களையும், அவர்களுடைய பதிவு எண்ணையே சொல்லி, உரிமம் பறிபோகும், கைது செய்வோம் என்று மிரட்டுவோரைப் பற்றி அந்நாட்டின் போதைப்பொருள் தடுப்பு முகமை பலமுறை எச்சரித்திருக்கிறது. தொலைபேசியில் பணம் கேட்பது எங்கள் வழக்கமே அன்று என அது ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிட்டது. பங்குத் தரகர்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா அமைப்பு, தன் பெயரை ஒட்டவைத்த போலி முகவரியிலிருந்து தரகு நிறுவனங்களுக்கு மடல்கள் செல்வதை 2020 மே மாதத்தில் கண்டவுடன், அந்த முகவரியையே வெளியிட்டு உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. தன் பெயர் திருடப்பட்டால் அதைத் தானே முன்வந்து சொல்வது ஒழுங்காற்று அமைப்பின் கடமை என்பதை அது உணர்ந்திருந்தது.

இங்கே நாம் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். போலி அதிகாரியின் மிரட்டல் எடுபடுவதற்கு மெய்யான அதிகாரிகள் சிலரின் நடத்தையும் காரணம். 2023 டிசம்பர் 1 அன்று, திண்டுக்கல்லில் அரசு மருத்துவர் ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் இலஞ்சம் பெற்றதாக அமலாக்கத் துறையின் அதிகாரி ஒருவரை மாநில இலஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அவர் போலி அல்லர். அடையாள அட்டையும் அலுவலகமும் உடையவர். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். ஆனால் அச்செய்தியைப் படித்த ஒவ்வொரு மருத்துவருக்கும் ஏற்பட்ட மனநிலையை எண்ணிப் பாருங்கள். ‘தொல்லை பெரிதாகுமுன் கொடுத்துத் தீர்த்துவிடலாம்’ என்ற எண்ணம் நம் சமூகத்தில் பழகிப்போன ஒன்று. ஆய்வுக்கு வருபவருக்கு ஒரு கவர், உரிமம் புதுப்பிக்க ஒரு கவர் என்று பழக்கப்படுத்தப்பட்ட கை, மின்னஞ்சலில் வந்த க்யூஆர் குறியீட்டுக்கும் எளிதில் நீள்கிறது. போலி அதிகாரியை ஒழிக்க விரும்பும் அரசு, மெய்யான அலுவலகத்தின் வாசலையும் தூய்மை செய்தாக வேண்டும்.

‘மக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்’ என்னும் வாசகத்தோடு கடமையை முடித்துக்கொள்ளும் அறிவிப்புகள் நமக்கு அலுத்துவிட்டன. ஆணையிடுவது எவரோ, அந்த ஆணை மெய்யென்று காட்டும் பொறுப்பும் அவரையே சாரும். இந்த நெறியைத் தமிழர் இன்று புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சோழர் செப்பேடுகளைப் பாருங்கள். அரசன் வாய்மொழிந்ததைக் கேட்டவர் யார், ஓலையில் எழுதியவர் யார், சரிபார்த்து ஒப்பமிட்ட ஓலைநாயகம் யார், வரிக்கணக்கில் ஏற்றியவர் யார் என்று ஒவ்வொரு கையும் பெயரோடு பதியப்படும். முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்த ஆணை அத்தகையது. ஏடுகளைக் கோத்த வளையத்தில் அரச இலச்சினை. நாட்டார் அரசனின் திருமுகத்தை எதிர்கொண்டு தொழுது தலைமேல் வைத்தபின், பிடி யானையை நடத்தி ஊரறிய எல்லை காட்டினர். வந்த ஆணையை ஐயுறும் சுமையை உழவன் தலையில் எவரும் ஏற்றவில்லை. பல்லவபுரம் என்று பெயர் பெற்று, மகேந்திரவர்மன் குடைந்த குகையைக் கொண்டிருக்கும் நம் பல்லாவரத்துக்கு, ஆணையைக் கல்லில் வெட்டி ஊர் நடுவே வைத்த மரபு அயலானதன்று.

இன்றைய இலச்சினைக்கு மெழுகும் செம்பும் வேண்டா. ஓர் எண் போதும். வருமான வரித் துறை 2019 அக்டோபர் முதலும், மத்திய மறைமுக வரிகள் வாரியம் அவ்வாண்டு நவம்பர் 8 முதலும், தாம் அனுப்பும் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் என ஒன்றை வழங்கத் தொடங்கின. கடிதம் பெற்றவர் அந்த எண்ணைத் துறையின் இணையதளத்தில் இட்டால் அது மெய்யோ பொய்யோ என்று நொடியில் தெரிந்துவிடும். எண்ணில்லாத கடிதம், விதிவிலக்குகள் தவிர, செல்லாது. அனுப்பப்படாததாகவே கொள்ளப்படும் என்றும் சுற்றறிக்கைகள் அறுதியிட்டன. ஓர் எளிய ஏற்பாடு பெறுநரின் தோளிலிருந்து எத்தனை பெரிய சுமையை இறக்கிவைத்தது! பட்டயக் கணக்காயர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இம்முறையை எல்லா மாநில வரித் துறைகளும் பின்பற்ற அறிவுறுத்துமாறு மத்திய அரசையும் ஜிஎஸ்டி மன்றத்தையும் பணித்தது. அதுவரை கேரளமும் கர்நாடகமும் மட்டுமே இதைச் செய்திருந்தன என்பதும் அத்தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆடிட்டர்களும் தம் பங்குக்கு 2019 முதல், தாங்கள் தரும் சான்றிதழ்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இடுகிறார்கள். எவரும் அதைச் சரிபார்க்கலாம். உரிமம் பெற்றவர் தம் கையொப்பத்தை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டிருக்கும்போது, உரிமம் வழங்குபவர் மட்டும் அக்கடமையிலிருந்து விலகி நிற்கலாமா?

வரித் துறைக்கு இயன்றது மருத்துவக் கவுன்சிலுக்கும், பார்மசி கவுன்சிலுக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், மாநகராட்சிக்கும் இயலும். புகார், விளக்கக் கடிதம், ஆய்வறிக்கை, இடைநிறுத்த ஆணை என்று உரிமத்தைத் தொடும் எந்தக் கடிதமானாலும் எண்ணின்றிச் செல்லக்கூடாது. அந்த எண்ணைத் தேடும் பக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை. துறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தளம் அமைத்து மக்களை மீண்டும் குழப்ப வேண்டா. மாநில அரசே ஒரு பொதுத் தளத்தைத் திறக்கலாம்.

முத்திரையை நம்பிப் பயனில்லை என்பதற்குச் சட்டமே சான்று. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற விசாரணைச் சட்டம், நீதிமன்ற அழைப்பாணை மின்வழியில் வரும்போது அதில் நீதிமன்ற முத்திரையின் படமோ மின்கையொப்பமோ இருக்கலாம் என்கிறது. மின்கையொப்பத்தைச் சோதிக்கலாம், படத்தை எவனும் நகலெடுக்கலாம். இந்த இடைவெளியைச் சட்டமியற்றுவோர் அடைக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் ஒரு பக்கம் வழிகாட்டியிருக்கிறது. விசாரணைக்கு முன்னிலையாகுமாறு காவல்துறை விடுக்கும் அறிவிப்பை வாட்ஸ்அப் முதலான மின்வழிகளில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் அது உத்தரவிட்டது. ஒருவரின் தன்னுரிமையைப் பாதிக்கும் ஆணை அவர் கையில் நேரில் சேர வேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஒருவரின் தொழிலையே நிறுத்தும் ஆணைக்கும் அந்த மதிப்பை அளிப்பதில் என்ன தடை?

இன்னொன்று. அரசு அலுவலகங்கள் பல இன்றும் ஜிமெயில் முகவரியிலிருந்தே கடிதம் அனுப்புகின்றன. அலுவலகப் பலகையிலேயே அம்முகவரி எழுதப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். அரசுப் பணிக்குத் தனியார் மின்னஞ்சலைப் பயன்படுத்தலாகாது என்று மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை 2015-இலேயே சொல்லிவிட்டது. மெய்யான அலுவலகம் தனியார் முகவரியில் எழுதும்வரை, போலி முகவரியை ஐயுறுமாறு மக்களிடம் எந்த வாயால் சொல்வது? வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025-இல் ‘பேங்க் டாட் இன்’ என்ற தனி முடிவையே ஒதுக்கி, அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாறக் கெடு விதித்தது. மாநிலத்தின் கடைநிலை அலுவலகம் வரை ‘கவ் டாட் இன்’ முகவரிக்கு மாறுவதற்கு அப்படியொரு நாள் குறிக்கப்பட வேண்டும்.

உரிமம் பெற்றோரும் அதுவரை கைகட்டி இருத்தல் கூடாது. முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிக்கப் பழகுங்கள். ‘கவ்’ என்ற சொல் நடுவில் எங்கோ இருந்து, ‘டாட் காம்’ என்று முடிந்தால் அது அரசு முகவரி அன்று. ஆனால் இதைவிட உறுதியான காப்பு ஒன்றுண்டு. வந்த மடலின் வழியே திரும்பிச் செல்லாதீர்கள். அதிலுள்ள லிங்க், தொலைபேசி எண், இணைப்புக் கோப்பு எதையும் தொடாமல், உங்களுக்கு முன்பே தெரிந்த வாசலைத் தட்டுங்கள். உரிமச் சான்றிதழில் அச்சிட்ட முகவரி இருக்கிறது. உங்கள் பெயரில் துறையின் தளத்தில் கணக்கு இருக்கிறது. மெய்யான அறிவிப்பாயின் அங்கே தெரியும். மின்னஞ்சலில் வந்த க்யூஆர் குறியீட்டுக்குப் பணம் அனுப்புமாறு எந்த ஒழுங்காற்று அமைப்பும் கேளாது.

சங்கங்களுக்கும் ஒரு சொல். மருத்துவச் சங்கக் கிளைகள், மருந்து வணிகர் அமைப்புகள், ஆடிட்டர்களின் படிப்பு வட்டங்கள், தாம்பரம் நீதிமன்ற வழக்கறிஞர்கள் ஆகியோர் மாதந்தோறும் கூடுகிறார்கள். அக்கூட்டத்தில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். யாருக்கு எத்தகைய மடல் வந்தது என்பதைத் திரையில் காட்டுங்கள். ஏமாந்தவர் ஒருவர் எழுந்து பேசும்போது அவரைப் பார்த்து எவரும் நகைக்க வேண்டா. ‘இவ்வளவு படித்தவர் இப்படிச் செய்யலாமா’ என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே பலர் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் மறைக்கின்றனர். அந்த மௌனத்தில்தான் அடுத்தவர் வீழ்கிறார்.

பணம் போய்விட்டது என்றால் முதல் சில மணி நேரமே விலைமதிப்பற்றது. 1930 என்ற எண்ணை அழையுங்கள். தொகை கள்வனின் கணக்கிலிருந்து வெளியேறுமுன் வங்கிகள் அதை முடக்க வழியுண்டு. புகாரைச் சைபர் குற்றத் தேசியத் தளத்திலும் பதியலாம். 2022 முதல் நம் தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. புகார் கொடுக்க வருபவரை ‘எந்த எல்லை’ என்று அலைக்கழிக்காமல், முதலில் பணத்தை நிறுத்தும் வேலையைச் செய்யுமாறு ஆணையர் தம் நிலையங்களைப் பணிக்க வேண்டும். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை வைக்கிறது. அரசு ஊழியர் போல் நடிப்பவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் குறைந்தது ஆறு மாதம். சட்டம் இருக்கிறது, அதைச் செயற்படுத்தும் கை விரைய வேண்டும்.

சிட்லப்பாக்கத்து மருத்துவர் இன்னும் கைப்பேசியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். அவருக்கும், அவரைப் போல் இன்றிரவு அத்தகைய மடலைப் பெற்றிருக்கும் மருந்தாளுநர், கணக்காயர், வழக்கறிஞர் அனைவருக்கும் நாம் சொல்வது இதுவே: பதில் எழுத வேண்டா, பணம் அனுப்ப வேண்டா, மடலை அழிக்கவும் வேண்டா, அது சான்று. நாளைக் காலை 10 மணிக்கு அலுவலகம் திறக்கும். அங்கே போய்க் கேளுங்கள்.